முக்கோணத்தில் மறைந்த ஓடை

மலையைத் தோண்டி எலியைப் பிடித்த கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கின்றோம். மலையைச் சுருக்கி ஓடையைத் தொலைத்தவளின் கதையைக் கேட்டதுண்டா, தோழியரே? அவள் வேறு யாருமல்லள், நானேதான்!

எங்கள் ஊர் வருசநாட்டு மலையடிவாரத்தில் உள்ளது. வைகை பிறக்கும் மண் அது. அங்குள்ள ஓடைகள் மூல வைகையில் கலக்க, அது கடமலைக்குண்டு வழியாக ஓடி, 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வைகை அணையைச் சென்றடைகின்றது. இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் காலத்தில் எங்கள் தோட்டங்களைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் எனக்கு அந்த மலைகளின் நினைவு வராத நாளே இல்லை.

அறிவியல் கண்காட்சிக்குக் கணினி விளையாட்டு ஒன்று செய்யுமாறு சிஸ்டர் எங்கள் மூவரிடமும் கூறியபோது, என் மனம் ஊருக்கே ஓடியது. “மலையுச்சியில் ஒரு மழைத்துளி விழுகின்றது. பள்ளம் பார்த்து அதை உருட்டி, மூல வைகையில் கொண்டு சேர்க்க வேண்டும். அதுதான் விளையாட்டு” என்றேன். தோழியர் இருவரும் துள்ளிக் குதித்தனர்.

சரி, மலையை எப்படிக் கணினிக்குள் கொண்டுவருவது? 2000-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எண்டெவர் என்னும் விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி வந்து, ரேடாரைக் கொண்டு நிலத்தின் உயரங்களை அளந்தது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் அந்த அளவுகள் இன்று யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. முப்பரிமாண உருவங்களைச் செய்வதற்குப் பிளெண்டர் என்னும் இலவச மென்பொருள் இருக்கின்றது. அதனுடன் இணைத்துக்கொள்ள பிளெண்டர்ஜிஐஎஸ் என்றொரு பிளக்-இன் உண்டு. தையல் இயந்திரத்தில் பூவேலைக்கென்று தனிப் பாதம் மாட்டுகின்றோம் அல்லவா? பிளக்-இன் என்பதும் அதுபோன்றதே. வரைபடத்தில் நம் ஊரைச் சுற்றி ஒரு கட்டத்தைக் காட்டினால், அந்த இடத்தின் உயரங்களைக் கொணர்ந்து, மேடும் பள்ளமுமாக வலை போல விரித்துவிடுகின்றது.

நாங்கள் 15 கிலோமீட்டர் நீளமும் 15 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நிலத்தை எடுத்துக்கொண்டோம். பக்கத்துக்கு 500 புள்ளிகள். மொத்தம் இரண்டரை லட்சம் புள்ளிகள். அவற்றைக் கோடுகளால் இணைத்தால் ஏறத்தாழ 5 லட்சம் முக்கோணங்கள்! எங்கள் கணினியோ வயதானது. திருவிழாக் கூட்டத்தில் சிக்கிய பாட்டியைப் போல மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

இதற்கு வழி என்ன? முக்கோணங்களைக் குறைப்பதே வழி. காகிதத்தை மடித்துச் செய்த மலை போன்று, தட்டையான சில முகங்களைக் கொண்டே நிலத்தைக் காட்டும் இம்முறைக்கு ‘லோ பாலி’ என்று பெயர். பிளெண்டரில் இதற்கென ‘டெசிமேட்’ என்னும் கருவி உள்ளது. அச்சொல்லைக் கேட்டதும் சிஸ்டர் புன்னகை புரிந்தார். அது லத்தீன் மொழியில் பத்து என்னும் எண்ணிலிருந்து வந்த சொல்லாம். குற்றம் புரிந்த படையில் பத்து வீரர்க்கு ஒருவரைக் கொல்லும் பழைய ரோமானியத் தண்டனையின் பெயராம். “அவர்கள் பத்தில் ஒன்றை நீக்கினார்கள். நீங்கள் எவ்வளவு நீக்கப் போகின்றீர்கள்?” என்று கேட்டார். நாங்கள் 5 லட்சத்தை 2,000 ஆக்கினோம். 250-க்கு ஒன்றே மிஞ்சியது!

மலை அழகாகவே வந்தது. பச்சையும் பழுப்புமாக வண்ணம் தீட்டி மகிழ்ந்தோம். ஆனால் உருட்டிவிட்ட மழைத்துளி பாதி வழியில் நின்றுவிட்டது. விளையாட்டை இயக்கும் பகுதியில்தான் தவறு என்று எண்ணி மூன்று நாட்கள் அதையே துழாவினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பத்தாவும் என்னைக் காண விடுதிக்கு வந்தனர். மூட்டுவலியால் அப்பத்தா மலையேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சிஸ்டரின் அனுமதி பெற்று, கணினியில் எங்கள் மலையைக் காட்டினேன். அப்பத்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“மலை நம்ம மலைதான் தாயி. ஓடை எங்க?”

நான் விழித்தேன். அப்பத்தா திரையில் விரலை வைத்தார். அங்கே வழவழப்பான ஒரே முக்கோணம்தான் இருந்தது.

“இந்த எடத்துலதான் நீ பொறந்த. ஒங்கம்மாவக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்குக் கெளம்புனோம். ஓடையில வெள்ளம் ரெண்டு கரையும் பொரண்டு போகுது. தாண்ட முடியல. கரையிலேயே நீ பொறந்துட்ட. ஏஞ் சேலையிலதான் ஒன்னையச் சுத்துனேன்.”

வழியில் பிறந்தவள் என்று மட்டுமே நான் அறிந்திருந்தேன். எந்த வழி என்று ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவைப் பார்த்தேன், அவர் தலையை அசைத்தார்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 225 சதுர கிலோமீட்டரை 2,000 முக்கோணங்களால் வகுத்தால், முக்கோணம் ஒன்றுக்குச் சராசரியாக 28 ஏக்கர் வருகின்றது. எங்கள் நிலமோ 2 ஏக்கர்தான்! ஓடையின் பள்ளம், நிலம், நான் பிறந்த கரை யாவும் ஒரே முகத்தினுள் புதைந்துபோயின. பள்ளம் தூர்ந்துவிட்டால் மழைத்துளி எப்படி ஓடும்?

நிலத்தை முக்கோணங்களாக அளப்பது புதிதன்று என்று கணித ஆசிரியை கூறினார். 1802-ஆம் ஆண்டில் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, முக்கோணங்களாலேயே நாட்டை அளக்கத் தொடங்கினாராம். அவருடைய கோணமானி அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தின்மீது ஏற்றும்போது அது மோதிப் பழுதடைந்ததாம். ஒரு முனையைக் குறிக்க அவர்கள் அவ்வளவு பாடுபட்டார்கள். நாங்களோ ஒரு பொத்தானைத் தட்டி இரண்டரை லட்சம் முனைகளில் ஓராயிரம் போக மீதி அனைத்தையும் உதறிவிட்டோம்! கருவியைக் குறை கூறிப் பயனில்லை. எதைக் காக்க வேண்டும் என்று நாங்கள் அதனிடம் சொல்லவே இல்லை.

சொல்வதற்கு வழி இருக்கின்றது. சில புள்ளிகளைத் தூரிகையால் தீட்டி ஒரு குழுவாகக் காட்டினால், டெசிமேட் அப்பகுதியை விட்டுவைத்து மற்றவற்றைக் குறைக்கும். முதலிலிருந்து தொடங்கினோம். அப்பத்தா காட்டிய ஓடையையும் அதுபோன்ற பிற ஓடைகளையும் தீட்டினோம். இம்முறை 300 முக்கோணங்கள் கூடுதலாயின. கணினி முனகிக்கொண்டே அவற்றைத் தாங்கிக்கொண்டது. மழைத்துளி உருண்டது, வளைந்தது, நான் பிறந்த இடத்தைத் தாண்டி மூல வைகையில் போய் விழுந்தது. கண்காட்சியில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் விடுமுறையில் ஊருக்குச் சென்று, அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஓடைக்கரையில் நின்றேன். தண்ணீர் கணுக்கால் அளவே ஓடியது.

தோழியரே! சுருக்குதல் நமக்குத் தேவைதான். பாடத்தைச் சுருக்குகின்றோம், வரலாற்றைச் சுருக்குகின்றோம், ஒருவருடைய வாழ்வையே இரண்டு வரிகளில் சொல்லிவிடுகின்றோம். ஆனால் எதைச் சுருக்கினாலும், அதன் கரையில் வாழ்ந்தவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம். நமக்கு வெறும் முக்கோணமாகத் தெரிவது அவருக்கு ஓடையாக இருக்கலாம்.

— பதினோராம் வகுப்பு மாணவி