வட்டம் விட்ட வண்டி

விளையாட்டுப் புகைவண்டி வாங்குவோர் முதலில் அமைப்பது பெரும்பாலும் வட்டப்பாதையேயாம். பெட்டியினுள் இருப்பவை வளைந்த தண்டவாளங்களாதலின், அவற்றைப் பூட்டினால் வட்டமே பிறக்கும். மின்சாரம் பாய்ந்ததும் வண்டி ஓடும், ஓடிக்கொண்டேயிருக்கும்.

எமது இல்லத்திலும் அத்தகைய வட்டமொன்று இருந்தது. இலண்டனிலுள்ள எம் தம்பி அனுப்பிய வண்டியைக் கொண்டு, மூத்த மகன் தன் பத்தாம் வயதில் நாலடிச் சதுரப் பலகையொன்றில் ஆணியறைந்து அமைத்தது அது. அவன் மேற்படிப்புக்காகக் கடல் கடந்தபின், வெள்ளிதோறும் அதனைத் தூசு தட்டுவது அவன் தாயின் வழக்கமாயிற்று. வண்டியை ஓட்டுபவள் இளைய மகள். அவள் ஒருநாள், "இந்த றெயில் ஒரு இடத்துக்கும் போகுதில்லையே, அப்பா! பாதையை மாத்திப் போடுவமோ?" என்றாள்.

தாய் இணங்கவில்லை. "அது தம்பி பூட்டினது, கிடக்கட்டும்" என்றார். இருவர் பக்கத்தும் நியாயம் இருக்கக் கண்டு, நாம் சில காலம் வாளாவிருந்தோம்.

மகள் விரும்பிய அமைப்பு, இங்கிலாந்தின் அலன் றைட் என்பவர் வகுத்தது. 'இங்கில்நூக்' என்பது அதன் பெயர். அதிலே முட்டுப்பாதைகள் மூன்று. ஒன்றில் ஐந்து பெட்டிகளும், ஏனைய இரண்டில் மும்மூன்று பெட்டிகளும் நிற்கலாம். இவை வந்து கூடும் முன்பாதையில் எஞ்சினும் மூன்று பெட்டிகளும் மட்டுமே கொள்ளும். எட்டுப் பெட்டிகளுள் ஐந்தைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்து, சீட்டு விழுந்த ஒழுங்கிலேயே கோத்து நிறுத்த வேண்டும். இவ்வாறு அமையக்கூடிய ஒழுங்குகள் 6,720. இடம் நெருக்கமாயிருப்பதனாலேயே ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டி எண்ண வேண்டியதாகின்றது.

எமக்கு வழி காட்டியவர் அமெரிக்கரான ஜோன் அலன். கலிபோர்னியாவின் மொன்ரறே நகரில், தமது வீட்டின் கீழறையில் அவர் எழுப்பிய மாதிரிப் புகையிரதப் பாதை உலகப் புகழ் பெற்றது. 1940களிற் செய்த தமது சிறிய முதலமைப்பை அவர் எறிந்துவிடாது, அப்பேரமைப்பினுள்ளேயே ஒரு பகுதியாக இணைத்துக்கொண்டார். 1973இல் அவர் மறைந்து சில நாட்களுள் அதன் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. ஆயினும், பழையதைப் புதியதினுள் வாழவைத்த அவரது முறை இன்றும் நினைக்கப்படுகின்றது.

நாமும் அவ்வாறே செய்தோம். மகன் அறைந்த ஆணிகளோடு கால்வட்டத்தை அசையாது விட்டு, அதனையே முன்பாதையாக்கினோம். அளவு பார்த்து அதன் கோடியில் ஒரு மரக்கட்டையை நிறுத்தினோம். எஞ்சிய முக்கால்வட்டத்தைக் கழற்றி, பாதை பிரியும் இரண்டு இடங்களையும் மூன்று முட்டுப்பாதைகளையும் பலகையின் ஓரமாக இட்டோம். அதற்குமுன் தொலைபேசியில் மகனிடம் கேட்டோம். "கழட்டிப் பூட்டத்தானே அப்பா தண்டவாளம்? தங்கச்சி ஓட்டட்டும்" என்றான். அருகே நின்று கேட்ட தாய் யாதும் கூறவில்லை. ஆணி கழற்றும் குறட்டைத் தாமே எடுத்து வந்தார்.

இப்பொழுது மாலைதோறும் சீட்டுக் குலுக்குபவர் அவரே. மகள் எஞ்சினை முன்னும் பின்னும் செலுத்தி யோசிக்கின்றாள். நேற்று ஐந்தாம் பெட்டி வந்து சேர இருபத்திரண்டு நிமிடங்கள் சென்றன. ஒவ்வொரு பெட்டியும் அவன் அமைத்த வளைவிற் சென்று திரும்பியே தன் இடத்தை அடைகின்றது.