நாம் என்றும் நாங்கள் என்றும்

உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பதினோராவது பேரவை 2022 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 8 வரை செருமனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடைபெற்றது. இளையோர் பிரதிநிதிகளுள் ஒருத்தியாக அதில் கலந்துகொண்டேன். அனுபவத்தை எழுதுமாறு ஆய்வுத் தோழர்கள் பலர் கேட்டிருந்தனர்; தனித்தனியே மடல் எழுத இயலாமையால் இங்கே பதிகிறேன். இறையியல் என் துறையன்று. பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலும் இடுக்கியின் தேவிகுளம் பகுதியிலும் வழங்கும் எல்லைப்புறத் தமிழை ஆராய்பவள் நான். ஆகவே அந்த ஒன்பது நாள்களும் என் காதில் விழுந்தவை பெரும்பாலும் பிரதிப்பெயர்களே.

காலை வழிபாட்டுக் கூடாரத்தில் பரமண்டல மன்றாட்டை அவரவர் தாய்மொழியில் ஒரே நேரத்தில் சொல்வது வழக்கம். முதல் நாள் என் வலப்புறம் இந்தோனேசியர் ஒருவரும் இடப்புறம் பாப்புவா நியூகினியைச் சேர்ந்த ஒருவரும் நின்றனர். அவர் 'காமி' என்றார்; இவர் 'மிபேலா' என்றார்; நான் 'எங்கள்' என்றேன். மூன்றும் கேட்பவரை உளப்படுத்தாத பன்மைகள். கடவுளை விளித்துப் பேசுகையில் அவரையும் சேர்த்து 'நம் தந்தை' என்று கூற முடியாதல்லவா? விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் இந்த இடத்தில் சற்றேனும் நின்று யோசித்திருப்பார்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவருக்கு அந்தச் சிக்கலே இல்லை.

சங்கத் தமிழ் இவ்வேறுபாட்டை யாம், நாம் என்று காத்தது. இன்று நாங்கள், நாம் என வழங்குகிறோம். மலையாளத்திலும் 'ஞங்ஙள்', 'நம்மள்' என அது உயிரோடிருக்கிறது. பேரவை உரைகள் என் செவிக்கு வந்துசேர்ந்த ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், ஸ்பானியம் ஆகிய மொழிகளிலோ அது இல்லை. காலநிலை பற்றிய அமர்வுகளில் 'நாம் பூமியைக் காயப்படுத்திவிட்டோம்' என்னும் பொருள்பட ஒருவர் பேசும்போதெல்லாம், அந்தப் பன்மைக்குள் யார் யார் அடங்குவர் என்ற கேள்வி எனக்குள் எழுந்துகொண்டே இருந்தது. தொழில்வளம் மிக்க நாட்டின் பேராயரும் கடல் விழுங்கிவரும் தீவின் மீனவரும் அந்தச் சொல்லில் ஒன்றாகிவிடுகின்றனர். உணவுக்கூடத்தில் ஃபிஜி நாட்டுப் பெண்ணொருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். ஃபிஜி மொழியில் உளப்படுத்தும் வடிவமும் உளப்படுத்தா வடிவமும் உள்ளதோடு, இருவரா, சிலரா, பலரா என்பதற்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. “எங்கள் ஊரில் இவ்வளவு எளிதாகத் தப்பிக்க முடியாது” என்றார்.

எனக்குச் சிறு குழு அமர்வொன்றில் மூன்று நிமிடங்கள் கிடைத்தன. பெட்டிமுடியைப் பற்றிப் பேசினேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த ராஜமலைப் பகுதியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் புதையுண்டன. எழுபது பேர் மாண்டனர். பலரும் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். செய்தி வெளியுலகை எட்டுவதற்கு மறுநாள் காலை ஆயிற்று. இவையனைத்தையும் சொல்வது கடினமாக இல்லை. 'லயம்' என்ற ஒரு சொல்லை விளக்குவதே கடினமாக இருந்தது. 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்துக்கு வந்து, வரிசை வீடுகளைக் குறித்து, இசையின் லயத்தோடு ஒலியொத்துத் தமிழாகிவிட்டது. இலங்கை மலையகத்தில் அதுவே 'லயன்'. துரைமார் கொண்டுவந்த சொல்லையே ஐரோப்பியருக்கு ஆங்கிலத்தில் விளக்கவேண்டி வந்தது. எதிர்த் திசையில் போன சொல் 'கங்காணி'. அது ஆங்கில அகராதியில் இடம்பெற்றிருந்தும் அந்த அறையில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இடையே ஒன்று: மன்றத்தின் பொதுச் செயலராக அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தேர்வானவர் தென்னாப்பிரிக்காவின் ஜெர்ரி பிள்ளை. மேடையில் அப்பெயர் ஒலிக்கும்போதெல்லாம் அதன் ளகரம் எங்கே போயிற்று என்று தேடினேன். ஒலியியல் படித்தவர்களின் வியாதி இது.

1961இல் புதுதில்லியில் நடந்த மூன்றாவது பேரவை, திருச்சபைகளின் ஒருமைப்பாட்டை 'ஒவ்வோர் இடத்திலும் உள்ள அனைவரும்' என்ற கருத்தைக்கொண்டு வரையறுத்தது. அவ்வாசகம் உருவாக முக்கியப் பங்காற்றியவர் லெஸ்லி நியூபிகின். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது மதுரையில் பேராயராகி, தமிழில் பிரசங்கித்தவர். தமிழ் இலக்கணத்தில் 'இடம்' என்பது ஊர் மட்டுமன்று. தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகியவையும் இடங்களே. அவர் இதை எண்ணியிருப்பாரோ என்னவோ, எனக்கு இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அன்றுமுதல் எங்கள் மலையில் 'இடம்' என்பது நிலவியல் கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. ஒரே கூரையின்கீழ்த் தமிழ் ஆராதனை ஒரு வேளையிலும் மலையாள ஆராதனை வேறொரு வேளையிலும் நடக்கின்றன. வாசலில் எதிர்ப்படும் இரு கூட்டத்தாரும் புன்னகைத்துக் கடக்கிறார்கள். இரு மொழியும் அறிந்த பிள்ளைகள்தாம் இரண்டு வேளையிலும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஊர் திரும்பியபின் சபைக்கு அறிக்கை அளிக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் நான் எழுதி வாசித்த ஒன்றரைப் பக்கத்தைத் தமிழாக்க அமர்ந்தேன். 'வி' என்ற சொல் அதில் பதினொரு இடங்களில் இருந்தது. ஒவ்வொன்றிலும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. 'மண்ணுக்குள் புதைந்தோம்' என்பதில் கேட்டவர்களைச் சேர்க்க முடியாது; அங்கே 'நாங்கள்'. 'மழையின் போக்கை மாற்றிவிட்டோம்' என்பதில் கொழுந்து பறிப்பவரை எப்படிச் சேர்ப்பது? 'ஒருவருக்காக ஒருவர் மன்றாடுகிறோம்' என்ற இடத்தில் மட்டும் தயக்கமின்றி 'நாம்' என்றெழுதினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசித்தேன். இறங்கி வரும்போது, பெட்டிமுடியில் தம் தங்கை குடும்பத்தைப் பறிகொடுத்த மூதாட்டி என் கையைப் பற்றி நிறுத்தினார்.

“கடைசியில நாம நாமன்னு சொன்னியே, அது யாருட்டி? அந்த வெள்ளக்காரவுகளுமா?”

“ஆமா, ஆச்சி. அவுகளும்தான்.”

“நம்ம பேரு சொன்னியா அவுககிட்ட? செத்தவுக பேரு?”

மூன்று நிமிடத்தில் எழுபது பெயர்களைச் சொல்ல நேரமில்லை, எண்ணிக்கையைத்தான் சொன்னேன் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, விரல்களை மடக்கித் தம் தங்கை வீட்டாரின் பெயர்களை ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லத் தொடங்கினார். என் கள ஆய்வுக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் அவற்றை எழுதிக்கொண்டேன்.