செயற்கை நுண்ணறிவும் எங்கள் தோட்ட நிலமும்

கமக்காரனுக்கு நிலம் மட்டும் போதாது. அந்நிலத்தைப் பற்றிய அறிவும் வேண்டும். இந்த உண்மையை எங்கள் நாடு அண்மையில் பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 2021 மே மாதத்தில் அசேதனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சேதனப் பயிர்ச்செய்கை நல்லதே. ஆனால் அதற்குரிய பசளையும் பயிற்சியும் கமக்காரரின் கைக்கு எட்டவில்லை. விளைச்சல் வீழ்ந்தது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்த எனக்கு இது வெறும் செய்தியன்று. எங்கள் நிலத்தின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே அளவுக்கு மீறி இடும் யூரியா, நைத்திரேற்றாக மாறிக் கிணற்று நீரில் கலக்கின்றது. வெங்காயத்துக்கு இறைப்பதும் நாங்கள் குடிப்பதும் அதே நிலத்தடி நீரைத்தான். ஆகவே மண்ணின் வளத்தை மீட்கும் பயிர்ச்செய்கை எங்களுக்குக் குடிநீர்ப் பிரச்சினையுமாகும்.

இதற்கான வழிகளை எங்கள் முன்னோர் அறிந்திருந்தனர். பூவரசங்குழையையும் பனையோலையையும் மண்ணில் தாழ்த்தினர். ஆடுமாடுகளைத் தோட்டத்திலே பட்டியாக அடைத்தனர். சணல் விதைத்து, பூக்கும் பருவத்தில் உழுது புதைத்தனர். சணல் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளிலுள்ள பற்றீரியாக்கள் வளியிலுள்ள நைதரசனைப் பதிக்கின்றன. இவ்வறிவு இன்று முதியவர்களின் நினைவிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

இவ்வறிவைப் பரப்பச் செயற்கை நுண்ணறிவு உதவுமா? உதவும் என்பதற்கு ஆபிரிக்க நாடாகிய மலாவி ஓர் எடுத்துக்காட்டு. அங்கே "உலாங்கிசி" என்னும் செயலி சிறு கமக்காரருக்கு அவர்களது சிச்சேவா மொழியிலேயே ஆலோசனை கூறுகின்றது. வாசிக்கத் தெரியாதவர் பேசிக் கேட்கலாம். கைப்பேசி இல்லாதவர்களுக்காக, கிராமத்து உதவியாளர் ஒருவர் தம் கைப்பேசியில் கேட்டுச் சொல்கிறார். இயந்திரம் தன் விருப்பப்படி விடை கூறாதிருக்க, அந்நாட்டு விவசாய அமைச்சின் கைந்நூல் அதற்கு ஆதாரமாக வைக்கப்பட்டுள்ளது.

நானும் இத்தகைய செயலி ஒன்றிடம், பசளைக்காகச் சணலை எப்போது விதைக்கலாம் என்று தமிழில் கேட்டேன். "ஆடிப்பட்டத்தில்" என்று உடனே விடை வந்தது. அருகிலிருந்த அப்பப்பா சிரித்துவிட்டு, "தம்பி, ஆடியில் இங்கே ஏது மழை? அது தமிழ்நாட்டுக் கணக்கடா. எங்களுக்கு மாரி ஐப்பசியிலல்லோ தொடங்கும்" என்றார். விடையின் தமிழில் பிழையில்லை. காலந்தான் எங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை. அதைவிட, ஐயமின்றி அது கூறிய விதம் என்னை யோசிக்க வைத்தது. அப்பப்பா அருகில் இல்லாத ஒரு புதுக் கமக்காரர் அதனை நம்பி விதைத்திருந்தால் விதையும் உழைப்பும் வீணாகியிருக்கும்.

இயந்திரத்தின் விடை பெரிதும் அதற்கு ஊட்டப்பட்டதையே சார்ந்திருக்கும். எங்கள் குழை தாழ்ப்பும் பட்டி அடைப்பும் போதிய அளவு எழுதப்படாதவரை, அது அயலாரின் பட்டத்தையே எமக்குக் கூறிக்கொண்டிருக்கும். எனவே முதல் வேலை எங்களுடையது. மாணவராகிய நாம் முதியவர்களிடம் கேட்டு, எந்த மண்ணில், எந்த மாதத்தில், எதனைச் செய்தார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். விவசாயப் போதனாசிரியர்கள் அவற்றைச் சரிபார்க்க வேண்டும். அதன் பின்னரே இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஐயம் எழுந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் மனிதரிடமே கேட்கலாம்.

புதிய கருவியை வெறுப்பதும் கண்மூடி நம்புவதும் ஒருங்கே தவறானவை. முதியவரின் அனுபவமும் விஞ்ஞானியின் சோதனையும் செயற்கை நுண்ணறிவின் வேகமும் ஒன்றுசேர்ந்தால், சிறு கமக்காரரின் மண்ணும் கிணறும் அடுத்த தலைமுறைக்கும் நலமாக எஞ்சும்.