மூக்கு மாறிய கார்கள்

கார்ப் பிரியர்களின் கோபம் தனி வகையானது. 2024 நவம்பரில் ஜகுவார் நிறுவனம் தன் பெயரை எழுதும் எழுத்துருவை மாற்றி, ஒரு விளம்பரப் படத்தையும் வெளியிட்டது. அப்படத்தில் வண்ண வண்ண உடையணிந்த மனிதர்கள் வந்து போனார்கள். கார் ஒன்றுகூட வரவில்லை. அடுத்த மாதம் மாதிரிக் கார் ஒன்றைக் காட்டியபோது, பழைய ஜகுவாரின் சாயலைத் தேடியவர்கள் மேலும் கொதித்தார்கள். ஜகுவாரில் ஒரு நாளும் ஏறியிராத என் நண்பர்கள் சிலரும் அந்தத் துக்கத்தில் பங்கு கொண்டார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் நான். கார்களின் பெயரும் முகமும் மாறுவது பற்றிய வாக்குவாதங்களைச் சிறு வயது முதலே கேட்டவன்.

எங்கள் ஊரில் அந்நாட்களில் ஒஸ்ரின் கட்சி, மொறிஸ் கட்சி என்று இரண்டு இருந்தன. தமிழரசும் காங்கிரசும் வேறு, இது வேறு. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒஸ்ரின், தம்பி மொறிஸ் என்று பிரிந்திருந்ததும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இவர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவ்விரு நிறுவனங்களும் ஒன்றாகிவிட்டிருந்தன. 1952 இலேயே ஒஸ்ரினும், மொறிஸை வைத்திருந்த நஃபீல்ட் குழுமமும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேசன் ஆகிவிட்டன. 1958 இன் இறுதியிலும் 1959 இலும் அந்நிறுவனம் ஒரே உடலை ஐந்து பெயர்களில் விற்கத் தொடங்கியது: ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், வொல்ஸ்லி, றைலி, எம்.ஜி. மக்னெற். இத்தாலியரான பின்னின் பரீனா வரைந்து கொடுத்த உருவம் அது. பின்புறத்தில் மீன் செட்டை போன்ற இரு சிறகுகள் இருக்கும். ஐந்திலும் உள்ளே இருந்தது 1489 கன சென்ரிமீற்றர் எஞ்சின்தான். முன் கம்பித்தட்டியும் முத்திரையும் உள்ளலங்காரமும் வேறுபட்டன. றைலிக்கும் எம்.ஜி.க்கும் இரண்டு காபரேற்றர்கள் கொடுத்தார்கள். வொல்ஸ்லியின் மூக்கிலுள்ள முத்திரை இரவில் ஒளிரும். வேறுபாடு அவ்வளவே. (இடையில் ஒரு செய்தி: பிறர் கார்களுக்கு முகம் மாற்றிய அந்தப் பெரியவர் 1961 இல் தன் குடும்பப் பெயரையே சட்டப்படி பினின்பரீனா என்று மாற்றிக்கொண்டார்.)

எம்.ஜி. என்றால் திறந்த இரு இருக்கை விளையாட்டுக் கார் என்று எண்ணியிருந்த பிரித்தானியப் பிரியர்கள், ஒரு குடும்பக் காரின் மூக்கில் அந்த எண்கோண முத்திரையைக் கண்டு மனம் கசந்தார்கள். அந்த முத்திரை இன்று சீனாவின் சாய்க் நிறுவனத்திடம் இருக்கிறது. அதே எண்கோணத்தைச் சுமந்த உயரமான கார்கள் இன்று கொழும்பு வீதிகளிலும் ஓடுகின்றன. அன்று கசந்தவர்கள் இதைக் கண்டால் என்ன சொல்வார்களோ தெரியாது.

எங்கள் ஊர் ஒஸ்ரின் கட்சியும் மொறிஸ் கட்சியும் 1959 உடன் கலைந்திருக்க வேண்டும், கலையவில்லை. கேம்பிறிட்ஜின் கதவு மூடும் ஓசை ஒக்ஸ்போர்டின் ஓசையை விடக் கனதியானது என்று சத்தியம் செய்தவர்களை நான் அறிவேன். இரண்டு கதவும் ஒரே அச்சில் அழுத்தப்பட்ட தகரம் என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். இதை அறியாமை என்று நான் தள்ளிவிடுவதில்லை. காரை வாங்கியவர் வாங்கியது தகரத்தை மட்டுமல்ல. தகப்பன் பெயரைச் சொன்ன கடைக்காரர், முதன்முதலில் ஏறிப்போன கலியாண வீடு, கோயில் வீதியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய சடங்கு எல்லாம் அந்த முத்திரையுடன் ஒட்டிக்கொண்டவை.

மொறிஸ் மைனரின் கதை இன்னும் சுவையானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் 1948 இல் அறிமுகமாவதற்குச் சற்று முன்னர், அகலம் போதவில்லை என்று கருதி மாதிரி வண்டியை நடுவே பிளந்து நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்தாராம். மூடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் பட்டையான மேடு அந்த நான்கு அங்குலத்தின் தழும்பு. முதலில் கம்பித்தட்டியின் இருபுறமும் தாழ்ந்திருந்த முகப்பு விளக்குகள், அமெரிக்க விதிகளுக்காக மேலே மட்காட்டுக்கு ஏறின. 1956 இல் இரண்டாகப் பிரிந்த முன் கண்ணாடி போய் ஒற்றைக் கண்ணாடி வந்தது. இவ்விரு மாற்றங்களுக்கும் இன்றுவரை எதிர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் ஒன்று, அங்கே செய்து கட்டுப்படியாகாத தகரப் பாகங்களை இலங்கையில் செய்வித்து எடுத்தது. சுவைக்குரிய திருப்பம் அது. எங்களுக்குக் கார் அனுப்பிய நாட்டுக்கு நாங்கள் அதே காரின் மட்காட்டை அனுப்பினோம்.

அறுபதுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 இல் கதவு திறந்தபோது ஜப்பானியக் கார்கள் வெள்ளமாக வந்தன. டட்சன் சனி என்ற பெயர் வாயில் படிந்துகொண்டிருக்கையிலேயே, 1981 இல் டட்சன் என்ற பெயரைக் கைவிட்டு நிசான் என்று மட்டும் விற்கப்போவதாக அறிவித்தார்கள். அந்தப் பெயரே ஒருமுறை மாறியதுதான். முதலில் 'டட்சொன்' என்றிருந்தது. 'சொன்' என்பது ஜப்பானிய மொழியில் நட்டத்தைக் குறிக்கும் என்பதால் சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து டட்சன் ஆக்கினார்கள். பின்னர் இந்தியா போன்ற சந்தைகளுக்கென 2014 அளவில் மலிவுக் காராகத் திரும்பி வந்த அப்பெயர் 2022 இல் மீண்டும் மறைந்தது. எங்கள் மெக்கானிக்குகள் இவை எதையும் பொருட்படுத்தியதில்லை. அவர்களுக்கு அது சனிதான். எழுத்து எதுவாயினும் எஞ்சின் இலக்கத்தைப் பார்த்துப் பேசுவார்கள்.

உருவ மாற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 இல் போர்ட் நிறுவனம் வட அமெரிக்காவில் சலூன் கார்களைப் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தது. 2019 இல் மஸ்ராங் என்ற பெயரை நான்கு கதவுள்ள உயரமான மின்காருக்குச் சூட்டியபோது பழைய மஸ்ராங் பிரியர்கள் அதைப் பெயர்க் களவு என்றே கருதினார்கள். கொறோலாவுக்கும் இப்போது உயர்ந்த வடிவம் ஒன்று உண்டு. அழகு குறைந்துவிட்டது என்பவர்களுடன் நானும் உடன்படுகிறேன். ஆயினும் முழங்கால் தேய்ந்த வயதில், குனியாமல் ஏறி அமரக்கூடிய கார் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதையும் மறுக்க மாட்டேன்.

வண்டியின் உருவத்துக்கு வேறொரு பொருளும் ஏறிவிடுவதுண்டு. சுற்றுலாவுக்கும் கலியாணத்துக்கும் போன வெள்ளை வான், இந்நாட்டில் ஒரு காலத்தில் ஆட்களைக் கடத்திச் செல்வதன் பெயராயிற்று. என் தொழிலைச் சேர்ந்தவர்களும் அதில் அகப்பட்டார்கள். வீட்டு வாசலில் அந்த உருவம் வேகம் குறைத்தால் பேச்சு நின்றுவிடும். அது எந்த நிறுவனத்தின் வண்டி என்று எவரும் அப்போது கேட்கவில்லை.

இவ்வளவும் எழுதத் தூண்டியவர் வடமராட்சியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எனக்கு மூத்தவர், நாங்கள் மாஸ்ரர் என்போம். அவரது தகப்பனார் ஐம்பதுகளில் வாங்கிய ஒஸ்ரின் ஏ40 சொமசெற் இன்னும் அவரது வளவில் நிற்கிறது. 1990 இன் பின்னர் பெற்றோல் தடைசெய்யப்பட்ட காலத்தில் அவர் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். இளையவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்றை ஒட்டியது. ஆகையால் தரங்குறைந்த எரிபொருளையும் அதிகம் முட்டாமல் எரித்துக்கொள்ளும். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. சிறு போத்தலில் பத்திரப்படுத்திய சில சொட்டுப் பெற்றோலைக் கொடுத்து உயிர்ப்பித்து, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டும். ஒயிலுக்கும் தட்டுப்பாடு. கறுப்புப் புகையுடன் அந்தக் கார்கள் நோயாளிகளையும் பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்களையும் பத்திரிகைக் கட்டுகளையும் ஏற்றிச் சென்றன. அக்காலத்து புதிய ஜப்பானியக் கார்கள் பல, ஓலைக் கொட்டிலில் தென்னோலை மூடிக் கிடந்தன.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் ஒரே வீதியால் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, அக்காலத்தில் உரும்பிராயில் மனைவி வீட்டிலிருந்த மாஸ்ரரின் ஏ40 இல் ஒன்பது பேர் இருந்தார்கள். நாவற்குழிப் பாலம் வரை காரை ஓட்டியதை விடத் தள்ளியது அதிகம் என்பார். மழை. மாமியார் உள்ளே படுத்திருந்தார். கைதடியில் எஞ்சின் நின்றுவிட்டது. போத்தலில் மிஞ்சியிருந்த பெற்றோலை ஊற்றித்தான் மீண்டும் பற்றவைத்தார். சாவகச்சேரியில் ஒரு மாமரத்தின் கீழ் ஆறு மாதம் நின்ற கார், 1996 இல் அவர்களுடன் திரும்பி வந்தது. எஞ்சின் அத்துடன் முடிந்துவிட்டது. போர்நிறுத்தக் காலத்தில், 2003 அளவில், ஒரு ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டத் தொடங்கினார்.

சென்ற ஆண்டு கொழும்பிலிருந்து பழைய கார் சேகரிப்பாளர் இருவர் அதைப் பார்க்க வந்தார்கள். மூடியைத் திறந்தார்கள். திறந்த வேகத்திலேயே மூடினார்கள். "இது இனி ஒஸ்ரின் இல்லை, சேர்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேரனுக்கு அது பொறுக்கவில்லை. அசல் எஞ்சினைப் புதுப்பித்துப் போடலாம், செலவைத் தான் தருகிறேன் என்றான். அசல் எஞ்சின் இருக்கிறதுதான்: மாட்டுக் கொட்டிலின் மூலையில், சாக்கு சுற்றி, மரக்குற்றியின் மேல். மகனோ, 2025 இல் இறக்குமதி மீண்டும் திறந்த பின்னர் தெருவெங்கும் காணும் சீன மின்கார் ஒன்றை அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழையதைக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் இருக்கிறார்.

மாஸ்ரர் என்னிடம் கேட்டார்: "தம்பி, இருதயம் மாத்தின மனிசனுக்கு ஆரும் பேர் மாத்துறவையோ?"

சேகரிப்பாளரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லோரும் எஞ்சினையும் கண்ணாடியையும் மாற்றிவிட்டால், 1952 இல் ஒரு சொமசெற் எப்படி ஓடியது, எப்படி மணத்தது என்று அறிய ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அவர்கள் தேடுவது தொழிற்சாலை வாசலில் நின்ற காரை. மாஸ்ரர் வைத்திருப்பது கைதடியில் நின்றுபோன காரை. டீசல் எஞ்சின் அந்தக் காருக்கு நேர்ந்தவற்றுள் ஒன்று. அதைக் கழற்றினால் பிறகு நாவற்குழியையும் கழற்ற வேண்டும். மகன் சொல்வதை ஏற்று மின்கார் ஒன்றை வாங்கட்டும் என்றே நானும் மாஸ்ரரிடம் சொன்னேன். மருத்துவமனைக்குப் போக அதுதான் வசதி. ஏ40 ஐ விற்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

முதலாவதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பதிவுப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லிப் பேரனிடம் காட்டினார். நிறம் மாறியது பதியப்பட்டிருக்கிறது. எஞ்சின் இலக்கம் மாறியதும் பதியப்பட்டிருக்கிறது. உரிமையாளர் பெயர் தகப்பனாரிடமிருந்து அவருக்கு மாறியிருக்கிறது. அதன் கீழே ஒரு வரி வெறுமையாக இருந்தது. பேரன் அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டான். அடுத்த முறை வரும்போது இலங்கையில் கார் ஓட்டும் அனுமதிக்கு என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் விசாரித்தான்.