கிளம்பும், ஆனால் ஓடாது

குடகில் ஜூன் மழைக்கு முன் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்தாக வேண்டும். தவறினால், வெளிச்சம் புகாத ஈரத்தில் காப்பிச் செடிகளைக் கருப்பழுகல் நோய் பிடிக்கும். அந்த அவசரம் மரம் அறுக்கும் சின்ன மெஷினுக்குத் தெரிவதில்லை. கயிற்றை இழுத்தால் உறுமுகிறது. பத்து விநாடியில் அடங்கிவிடுகிறது. ஆட்கள் கூலிக்கு வந்து சும்மா நிற்கிறார்கள். தோட்டக்காரரின் கை ஸ்பார்க் பிளக்கைத் தேடுகிறது.

அனுபவப்பட்ட மேஸ்திரிக்குத் தெரியும்: கிளம்புகிறது என்றால் பொறி இருக்கிறது, வந்து சேராதது பெரும்பாலும் பெட்ரோல்தான். மெஷினைத் தரையில் வைத்து டாங்க் மூடியைச் சற்றே தளர்த்துகிறார். இப்போது நிற்காமல் ஓடினால், டாங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சோக்கில் ஓடி, சோக்கை எடுத்ததும் நின்றால் டாங்குக்குள் கிடக்கும் பில்டர், பிறகு ரப்பர் குழாய், கடைசியில்தான் கார்புரேட்டர்.

பல சமயம் குற்றவாளி, போன சீசனில் மிஞ்சிய பெட்ரோல். 2025-ல் இந்தியப் பெட்ரோலில் 20 சதவீதத்தை எட்டிய எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். சீசன் முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் போதும். காசில்லாத ரிப்பேர் அது ஒன்றுதான்.