இரண்டில் ஒன்று

ஒரே நாளில் இரண்டு அழைப்புகள் வந்தால் எதை ஏற்பது? இக்கேள்வியைச் சற்றும் எண்ணிப் பாராமல் நாங்கள் எங்கள் தோழி ஒருத்தியைத் தண்டித்துவிட்டோம். அந்த வெட்கக் கதையையே இங்கு எழுத முன்வந்தோம்.

சென்ற ஆண்டு வட்டார ஹாக்கிப் போட்டியும் அறிவியல் கண்காட்சியும் ஒரே நாளில் வந்தன. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்று மூன்று திசைகளிலிருந்தும் விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வந்து பயிற்சி செய்தவர்கள் நாங்கள். ஆனால் எங்கள் கோல்கீப்பரோ கண்காட்சிக்குச் சென்றுவிட்டாள்! மூன்று கோல்கள் வாங்கித் தோற்றோம். அவள் செய்த மாதிரிக்கும் பரிசு கிடைக்கவில்லை. அதைக் கேட்டு, "நன்றாக வேண்டும்!" என்று எங்களுள் சிலர் சிரித்தோம். நான்கு நாட்கள் மதிய உணவு வேளையில் அவளுக்கு எங்கள் பக்கத்தில் இடம் விடவில்லை.

ஐந்தாம் நாள் மாலை உடற்பயிற்சி ஆசிரியை எங்களை வேப்பமரத்தடியில் அமரச் செய்தார். திட்டு விழும் என்று நடுங்கினோம். அவரோ, "எம். ஜே. கோபாலன் என்ற பெயரைக் கேட்டதுண்டா?" என்று வினவினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கோபாலன் 1909 ஆம் ஆண்டு, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். நம் அம்பத்தூரும் ஆவடியும் அப்போது அதே மாவட்டத்தைச் சேர்ந்தவைதாம். திருவல்லிக்கேணியில் வளர்ந்த அவருக்கு வேகப் பந்துவீச்சும் கைவந்தது, ஹாக்கி மட்டையும் கைவந்தது. அக்காலத்தில் விளையாட்டு சோறு போடாது. சி. பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் அவர் திறமையைக் கண்டு, பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை வாங்கித் தந்தார். வயிற்றுக்கு வழி பிறந்தது, ஆட்டமும் வளர்ந்தது.

1934 சனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்தை எதிர்த்து டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. பின்னாளில் ரஞ்சிக் கோப்பை என்று புகழ்பெற்ற போட்டியின் முதல் ஆட்டம் அது. முதல் பந்தை வீசியவர் நம் கோபாலன்! ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்த, ஒரே நாளில் சென்னை வென்றது. 1935 இல் ஹாக்கி வீரராகத் தியான் சந்துடன் நியூசிலாந்து சென்று வந்தார்.

பிறகு வந்தது 1936. ஒருபுறம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி. மறுபுறம் இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணி. இரண்டில் ஒன்றே இயலும். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெர்லினிலோ இந்திய ஹாக்கி அணி இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கம் பெற்றது! அவர் வாழ்வில் ஆடிய டெஸ்ட் அந்தக் கல்கத்தா ஆட்டம் ஒன்றுதான்.

"ஐயோ! தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டாரே, மிஸ்!" என்று கூவினோம்.

ஆசிரியை எங்களை உற்று நோக்கினார். "கப்பல் ஏறிய அன்று அவருக்கு இது தெரியுமா? முடிவு தெரிந்த பின் புத்தி சொல்ல யாரால்தான் முடியாது? ஊர் அவரை ஒதுக்கவில்லை. அதன் பின்னும் பல ஆண்டுகள் சென்னைக்காக ஆடினார். 1952-53 இல் சென்னைக்கும் இலங்கைக்கும் தொடங்கிய போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்தார்கள். 2003 இல் தம் 94 ஆம் வயதில் மறையும் வரை மதிப்போடு வாழ்ந்தார்" என்றார்.

நாங்கள் தலைகுனிந்தோம். யாரைப் பற்றிப் பேசுகிறார் என்பது புரிந்துவிட்டது.

மறுநாள் மதியம் எங்கள் டிபன் பாக்ஸ்களைத் தூக்கிக்கொண்டு அவள் இருந்த இடத்துக்கே சென்றோம். மன்னிப்புக் கேட்க வார்த்தை வரவில்லை. புளியோதரையை நீட்டினோம். அவள் கண்கள் கலங்க, "மாதிரிக்கு முன்னால் நின்றுகொண்டு நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் ஆட்டம் தொடங்கியிருக்கும், இடைவேளை விட்டிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

எங்களில் எவரும் அதை நினைத்துப் பார்க்கவில்லையே!

தோழியரே, பத்தாம் வகுப்பு முடிந்ததும் நாம் ஒவ்வொருவரும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நம் தோழியின் வழி வேறாகலாம். அது வெல்லாமலும் போகலாம். அன்று அவளுக்குப் பக்கத்தில் இடம் விடுவோமாக!