பத்து நாளில் பேத்தாலஜி

“மேம், இன்னும் பத்து நாள்தான் இருக்கு. ஒண்ணுமே படிக்கல. ராபின்ஸை எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?”

இரண்டாம் ஆண்டு எம்பிபிஎஸ் தேர்வு நெருங்கினால் எங்கள் துறை வராந்தாவில் தவறாமல் கேட்கும் கேள்வி. கேட்கிற முகம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். என் பதில் மாறுவதில்லை: ராபின்ஸை இப்போது ஆரம்பிக்காதே. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய புத்தகம் அது. வருஷம் முழுக்கக் கூட வைத்துப் படிக்க அதைவிட நல்ல புத்தகம் கிடையாது. பத்து நாள் கெடுவில் தொட்டால் முதல் அத்தியாயமே மூன்று நாளைத் தின்றுவிடும். ஹர்ஷ் மோகனோ, சீனியர் விட்டுப்போன நோட்ஸோ, ஒருமுறையாவது நீ புரட்டிய புத்தகம் எதுவோ அதுவே போதும்.

முதல் மூன்று நாளை ஜெனரல் பேத்தாலஜிக்குக் கொடு என்பேன். யாருக்கும் இதில் நம்பிக்கை வராது. இதயம், சிறுநீரகம், ஈரல் என்று சிஸ்டமிக் மொத்தமும் படிக்காமல் கிடக்கிறது, இந்த நேரத்தில் எடிமாவை உட்கார்ந்து படிப்பதா என்பார்கள். படித்துத்தான் பார்க்க வேண்டும். நுண்குழாய்க்குள் அழுத்தம் கூடுவது, இரத்தத்தில் ஆல்புமின் குறைவது, நிணநீர் வழி அடைபடுவது, உடம்பில் சோடியம் தங்குவது, இவற்றோடு அழற்சி. எடிமாவுக்கு முக்கியமான காரணங்கள் இவ்வளவுதான். இவற்றைப் புரிந்துகொண்டவனுக்கு, இதயம் தளர்ந்தவருக்குக் கால் ஏன் வீங்குகிறது, நெஃப்ரோடிக் சிண்ட்ரோமில் ஒரு நாளைக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் சிறுநீரில் போகிறவருக்கு முகம் ஏன் உப்புகிறது, சிரோசிஸ் நோயாளியின் வயிற்றில் நீர் ஏன் கோக்கிறது, யானைக்கால் எப்படி வருகிறது என்ற நான்கு கேள்விக்கும் பாதிப் பதில் கையில் இருக்கும். அந்தப் பக்கங்களைத் திறக்கும்போது மிச்சப் பாதியை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

இன்ஃபார்க்‌ஷனும் அப்படியே. இதயம், சிறுநீரகம், மண்ணீரல் மூன்றிலும் அது வெளிறியிருக்கும். நுரையீரலில் சிவந்திருக்கும், ஏனென்றால் அங்கே இரத்தம் இரண்டு வழியாக வருகிறது, திசுவும் இறுக்கமில்லாதது. மூளையில் திசு கூழாகிவிடும். இதை அட்டவணை போட்டு உருப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்டெர்னல் “ஏன்?” என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டால் அட்டவணை கைகொடுக்காது.

ஆகவே செல் இஞ்சுரி, இன்ஃப்ளமேஷன், எடிமாவும் த்ராம்போசிஸும் வரும் ஹீமோடைனமிக்ஸ், நியோப்ளேசியா. இந்த நான்கும் முடிந்த பிறகுதான் மற்றவை. எதை விடலாம் என்றும் கேட்பார்கள். எத்தனையோ ஆசிரியர்கள் இதற்கு வாய் திறப்பதில்லை. நான் சொல்லிவிடுவேன். லிம்ஃபோமா வகைப்பாட்டை முழுசாகப் படிக்கப் பத்து நாள் போதாது. ஹாட்ஜ்கின் மட்டும் சுத்தமாகப் படித்து, ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லைக் கண்ணை மூடிக்கொண்டு வரையத் தெரிந்துகொள். எலும்புக் கட்டிகளில் ஆஸ்டியோசார்கோமா, ஜயன்ட் செல், யூயிங் மூன்றோடு நிறுத்து. சிறுநீரகத்தில் நெஃப்ரோடிக்குக்கும் நெஃப்ரிடிக்குக்கும் உள்ள வித்தியாசம் பிசகவே கூடாது. ஆசிரியை பேசுகிற பேச்சா இது என்று சிலருக்குத் தோன்றும். எல்லாவற்றையும் தொட்டு எதையும் எழுத முடியாமல் வெளியே வருகிற பிள்ளையைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

ஹெமட்டாலஜி, நேரம் குறைந்தவனுக்கு அதிக மார்க் தரும் பகுதி. சார்ட்டில் எம்சிவி 65 என்று கொடுத்திருப்பார்கள். 80க்குக் கீழே என்பதால் செல் சிறிது. இரும்புச்சத்துக் குறைவா, தலசீமியா ட்ரெய்ட்டா? எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பார். எண்ணிக்கை 3.2 மில்லியன் என்றால் விடை 20 வரும். 13க்கு மேல் என்பதால் இரும்புச்சத்துக் குறைவின் பக்கம் சாய்கிறது. 5.6 மில்லியன் என்றால் 12க்குக் கீழே, தலசீமியா ட்ரெய்ட்டைச் சந்தேகிக்கலாம். மென்ட்ஸர் இண்டெக்ஸ் என்பது இதுதான். உறுதி சொல்ல ஃபெரிட்டினும் எலக்ட்ரோஃபோரிசிஸும் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிறவனை எக்ஸ்டெர்னலுக்குப் பிடித்துப்போகும். அதே நோயாளியின் ஸ்மியரைக் காட்டினால் அளவுகோலைத் தேடி அலைய வேண்டாம்: சின்ன லிம்ஃபோசைட்டின் நியூக்ளியஸ் இருக்கும் அளவுக்குத்தான் இயல்பான சிவப்பணுவும் இருக்கும். நடுவில் வெளிறிய பகுதி மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஹைப்போக்ரோமிக்.

வீடியோ பாடங்களைப் பற்றியும் கேட்பார்கள். ஹுசைன் சத்தாரின் பேத்தோமா பாடங்களை நானும் பார்த்திருக்கிறேன். விளக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் தாளில் டிக் அடிக்கிற கேள்வி மட்டும் வருவதில்லை, பக்கம் பக்கமாக எழுத வேண்டும். பார்த்தது கைக்கு வர வேண்டுமானால் பழைய கேள்வித்தாளை எடுத்து, தினம் ஒரு எஸ்ஸேயாவது கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுத வேண்டும். பக்கத்தில் எச் அண்ட் ஈ பென்சில் இரண்டும் இருக்கட்டும். நியூக்ளியஸ் நீல ஊதா, சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பு. கட்டுக்கட்டாகத் தாள் திருத்துகிற ஆளுக்கு ஒழுங்காக லேபிள் செய்த ஒரு படம் எவ்வளவு ஆறுதல் என்பது திருத்தியவர்களுக்குத்தான் தெரியும்.

பலரும் கடைசி நாளுக்குத் தள்ளிவைப்பது ஸ்லைடுகளை. எனக்கு இது புரிவதே இல்லை. மனப்பாடம் மறந்துபோகும், கண் பார்த்துப் பழகியது அவ்வளவு சீக்கிரம் போகாது. பார்க்கிற முறை மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஸ்லைடு கைக்கு வந்த உடனே 40எக்ஸில் போட்டு அங்கேயே தொலைந்துபோகிறார்கள். முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெறுங்கண்ணால் பார். பிறகு 4எக்ஸ். டிபி பாதித்த நிணநீர்க் கணு என்று வைத்துக்கொள்வோம். ஊதாப் புள்ளிகள் நிறைந்த பரப்பில் ஆங்காங்கே உருவமற்ற இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரியும், கேசியேஷன் அது. 10எக்ஸுக்குப் போனால் திட்டைச் சுற்றி வட்டமாக ஒரு வெளிறிய வளையம், அதற்கு வெளியே லிம்ஃபோசைட்டுகள். இப்போதுதான் 40எக்ஸ். வளையத்தில் இருப்பவை எபிதீலியாய்ட் செல்கள், நீண்ட நியூக்ளியஸ், எந்தச் செல் எங்கே முடிகிறது என்று எல்லை தெரியாது. நடுவில் லாங்ஹான்ஸ் ஜயன்ட் செல், நியூக்ளியஸ்கள் ஓரமாகக் குதிரை லாடம் போல வளைந்து நிற்கும். இதே வரிசையில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பார்த்தால் வைவாவில் பேச வேண்டியதும் அதோடு தயாராகிவிடும்.

ஸ்பெசிமனிலும் இதே வரிசைதான். நோயின் பெயர் தெரியாவிட்டாலும் வாயை மூடிக்கொள்ளாதே. என்ன உறுப்பு, வெளிப்பரப்பு எப்படி, வெட்டுப்பரப்பில் என்ன தெரிகிறது என்று கண்ணில் பட்டதைச் சொல். சொல்லிக்கொண்டே வரும்போது பாதிப் பேருக்குப் பெயர் தானாக நினைவுக்கு வந்துவிடும், வராதவர்களுக்கு எக்ஸ்டெர்னலே ஒரு நூல் எடுத்துக் கொடுப்பார்.

யூரின் டெஸ்ட்டைத் துச்சமாக நினைக்கிறார்கள். டெஸ்ட் ட்யூபின் மேல் பகுதியை மட்டும் சூடாக்குவது ஏன் என்று கேட்டால் விழிக்கிறார்கள். கலங்கியதா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கீழ்ப்பகுதி வேண்டும், அதற்குத்தான். கலங்கிய பிறகு அசெட்டிக் ஆசிட் சில சொட்டு விட வேண்டும். பாஸ்பேட் என்றால் கரைந்து தெளிந்துவிடும், புரதம் என்றால் கலங்கல் அப்படியே நிற்கும். இந்த இரண்டு பதிலையும் படிக்க ஐந்து நிமிஷம் ஆகாது.

ஒன்று மட்டும் கவனம். பிராக்டிகலுக்கு முந்தின நாள் சாயங்காலம் லேபில் மைக்ரோஸ்கோப் ஒன்றுக்கு ஆறு பேர் நிற்பார்கள், நல்ல ஸ்லைடெல்லாம் யாரோ ஒருவர் கோட்டுப் பாக்கெட்டில் இருக்கும். அதனால் ஐந்தாம் நாளே, காலையில், கூட்டம் சேருவதற்கு முன்னால் வந்துவிடச் சொல்கிறேன். லேப் டெக்னீஷியனிடம் முந்தின நாளே சொல்லி வைத்தால் அவர் மியூசியத்தையும் சேர்த்துத் திறந்துவிடுவார்.